டெபியனில் இருந்து தனி டெஸ்க்டாப் வழங்கல்: கவனிக்க வேண்டியவை

புதிய லினக்ஸ் வழங்கல் (டிஸ்ட்ரோ) தொடங்குகிறவர்கள் பலரும் முதலில் வால்பேப்பரில்தான் கை வைக்கிறார்கள். அதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். ஏற்கனவே உள்ள வழங்கலான டெபியனை அடித்தளமாக எடுத்தால், அதன் லைவ்-பில்ட் கருவி முக்கால்வாசி வேலையை முடித்துத் தரும். வேண்டிய மென்பொருள் பொதிகளின் (பேக்கேஜ்) பெயரை ஒரு கோப்பில் வரிக்கு ஒன்றாக எழுதி, ரூட் (நிர்வாகி) உரிமையோடு பில்ட் கட்டளையை ஓட்டினால், நிறுவுவதற்கான ஐஎஸ்ஓ கோப்பு தயார். அமைப்பை மாற்றினால், மறுபடி ஓட்டும் முன் கிளீன் கட்டளை அவசியம். இல்லையென்றால் முடிந்த கட்டங்களைக் கருவி தாண்டிப் போய்விடும். மாற்றம் ஐஎஸ்ஓவில் ஏறாது.

"வைஃபை வரவில்லை" என்ற புகார் நிச்சயம் வரும். வைஃபை சிப் போன்ற வன்பொருளுக்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேருக்கு, டெபியன் 12 முதல் தனிப் பிரிவு உண்டு. அந்தப் பிரிவை அமைப்பில் சேர்த்து, வேண்டிய ஃபர்ம்வேர் பொதிகள் ஐஎஸ்ஓவில் ஏறினவா என்று பாருங்கள்.

லினக்ஸின் மையமான கெர்னலை நீங்களே கம்பைல் செய்யும் ஆசை இருந்தால், கொஞ்சம் பொறுங்கள். மைக்ரோசாஃப்ட் கையொப்பமிட்ட ஷிம் என்ற சிறு தொடக்க நிரலுக்குள் டெபியனின் டிஜிட்டல் சாவி இருக்கிறது. அதனால், கையொப்பத்தைச் சரிபார்த்த பிறகே கணினியை எழுப்பும் செக்யூர் பூட்டில் டெபியன் கெர்னல் அப்படியே எழும்பும். உங்கள் கெர்னலுக்கோ, பயனர் தன் கணினியில் உங்கள் சாவியைப் பதிய வேண்டும். புதியவர் அங்கேயே ஓடிவிடுவார்.

ஐஎஸ்ஓவைக் கிட்ஹப் ரிலீஸில் வெளியிட்டால், ஒரு கோப்பு 2 ஜிபிக்குள் இருக்க வேண்டும். பெரிய ஐஎஸ்ஓவுக்கு டோரன்ட் வசதி. இறக்கிய ஐஎஸ்ஓ சரியா என்று பார்க்க உதவும் செக்சம் கோப்பில், அது உங்களுடையதுதான் என்று காட்டும் ஜிபிஜி டிஜிட்டல் கையொப்பம் கட்டாயம். சர்வருக்குள் புகுந்தவன் ஐஎஸ்ஓவோடு செக்சத்தையும் மாற்றிவிடுவானே! விளம்பரத்துக்கு ஸ்கிரீன்ஷாட்டைவிட, ஓடிய லேப்டாப் மாடல்களும் தெரிந்த பழுதுகளும் அடங்கிய பட்டியல்தான் ஆள் சேர்க்கும்.