தாத்தாவின் சூப்ளி

2024 நவம்பர் 3, ஞாயிறு. குன்னூர்

தூத்துக்குடியிலிருந்து தீபாவளிக்கு வந்த மக்ரூன் பெட்டியை இன்று மதியம்தான் பிரித்தோம். அம்மா ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, அது கரையும்வரை பேசாமல் இருந்தாள். அப்புறம், "இதையே ஐஸ்ல வெச்ச மாதிரி ஒண்ணு உங்க தாத்தா பண்ணுவாரே, ஞாபகம் இருக்கா?" என்றாள்.

இருக்கிறது, பாதி. தாத்தா குன்னூருக்குக் கீழே ஒரு தேயிலை எஸ்டேட் பங்களாவில் பட்லராக இருந்தவர். வேலையை விட்டு வந்தபிறகு ஒரே ஒரு முறை எங்களுக்காக அதை வீட்டில் செய்தார். எனக்கு அப்போது ஏழு வயது. வெள்ளை வெளேரென்று இருந்தது. கை பட்டால் சுரீர் என்ற குளிர்ச்சி, ஆனால் கடித்தால் பல்லில் ஐஸ் நறநறக்கவில்லை. நாக்கில் வைத்ததும் அமுங்கிக் காணாமல் போயிற்று. பெயர் எனக்கும் வரவில்லை, அம்மாவுக்கும் வரவில்லை. அம்மாவுக்கு 71 ஆகிறது. இந்தத் தடவை கண்டுபிடிக்காமல் விடக்கூடாது.

நவம்பர் 5, செவ்வாய்

அம்மாவுக்கு மக்ரூனைத் தின்றதும் அது ஞாபகம் வந்ததில் அர்த்தம் இருக்கிறது. இரண்டிலும் வேலை ஒன்றுதான்: வெள்ளைக்கருவைச் சர்க்கரையோடு நுரைக்க அடித்துக் காற்றை உள்ளே பிடித்து வைப்பது. மெரிங்கு என்கிறார்கள். மக்ரூனில் அதோடு முந்திரித் தூள் சேர்த்துச் சூட்டில் உலர்த்துகிறோம். குளிரவைத்துச் சாப்பிடுகிற மெரிங்கு வகைகளை ஒவ்வொன்றாக அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன்.

பிரெஞ்சுக்காரர்களின் வாஷ்ரான்: மொறுமொறு மெரிங்குக் கூட்டுக்குள் ஐஸ்கிரீம். "மொறுமொறுப்பே கிடையாது" என்றாள். நவம்பர் மூடுபனியில் இங்கே வர்க்கி பிஸ்கட்டே நமத்துப் போகிறது, அந்தக் கூடு எத்தனை நேரம் தாங்கும்? பேக்டு அலாஸ்கா: ஐஸ்கிரீமை மெரிங்கால் மூடி ஓவனில் மேலாகச் சிவக்க வைப்பது. நுரைக்குள் இருக்கும் காற்று சூட்டைத் தடுப்பதால் உள்ளே உருகாது. அமெரிக்கா 1867-ல் ரஷ்யாவிடமிருந்து வாங்கிய அலாஸ்காதான் பெயரில் இருப்பது. "ஓவன்ல வைக்கவே இல்ல." இத்தாலியின் செமிஃப்ரெட்டோவில் பெரும்பாலும் மஞ்சள் கருவும் சேரும், அவ்வளவு வெள்ளையாக வராது. நுகா கிளாசேயில் தேனும் பாதாமும் இருக்கும். "பருப்பு எதுவும் கடிபடாது."

கடைசியாக டோர்டோனி. மக்ரூன் தூள் தூவிச் சின்னக் காகிதக் கிண்ணத்தில் தருவார்கள் என்று சொல்லி முடிப்பதற்குள் அம்மா என் கையைப் பிடித்தாள். "காகிதம்! காகிதம் இருந்துச்சு. ஆனா கிண்ணம் காகிதம் இல்ல. பீங்கான் கிண்ணத்தைச் சுத்திக் கட்டியிருக்கும்."

நவம்பர் 9, சனி

கோத்தகிரிக்குப் போய்ப் பெரியம்மாவைப் பார்த்தேன். மூத்தவர் என்பதால் பங்களா சமையலறையில் தாத்தாவுக்குக் கூடமாட உதவி செய்தவர் அவர்தான். காகிதம் என்று ஆரம்பித்ததுமே, "சூப்ளியா?" என்றார். நாற்பது வருடத்துக்குப் பிறகு அந்தச் சொல்லைக் கேட்கிறேன். பக்கத்துத் தட்டிலிருந்து எடுத்துக் கொடுப்பதுபோலக் கொடுத்துவிட்டார்.

மீதியையும் அவரே சொன்னார். சர்க்கரைப் பாகு கொதிக்கும்போது தாத்தா பக்கத்தில் ஒரு கிண்ணம் பச்சைத்தண்ணீர் வைத்துக்கொள்வாராம். ஒரு சொட்டு பாகை அதில் விட்டு விரலால் உருட்டிப் பார்ப்பாராம். "அதிரசப் பாகுக்கு மேல ஒரு கொதிடி. உருண்டை கையில நிக்கணும், கல்லாகிடக் கூடாது." அதை அடித்த வெள்ளைக்கருவில் நூல் மாதிரி ஊற்றி, ஆறும்வரை அடித்து, எலுமிச்சைச் சாறும் அடித்த க்ரீமும் கலப்பார். கிண்ணத்தின் விளிம்புக்கு மேலே இரண்டு விரல் உயரம் நிற்கும்படி காகிதத்தைச் சுற்றி நூலால் கட்டி, அந்த உயரம்வரை நிரப்பி ஃப்ரீசரில் வைப்பார். மறுநாள் காகிதத்தை உரித்தால், கிண்ணத்தை மீறிப் பொங்கி எழுந்தது போல நிற்கும். உரித்த காகிதம் பிள்ளைகளுக்கு.

இனி சந்தேகமே இல்லை. சூஃப்ளே கிளாசே. சூஃப்ளே என்றால் ஊதி உப்பியது, கிளாசே என்றால் உறையவைத்தது. ஓவனில் வைக்கிற சூஃப்ளே சூட்டில் தானே எழும்பும், இதற்கு அந்தத் தோற்றத்தைக் காகிதம் தருகிறது. சூடான பாகு ஊற்றிய மெரிங்கை இத்தாலியன் மெரிங்கு என்பார்கள். அதிலுள்ள சர்க்கரை, தண்ணீர் முழுவதையும் உறைய விடாது. காற்றும் க்ரீமும் ஐஸ் துகள்களைப் பெரிதாக வளர விடாது. பல்லில் நறநறக்காததன் காரணம் அதுதான்.

நவம்பர் 10, ஞாயிறு

செய்தேன், சரியாக வரவில்லை. 3 வெள்ளைக்கரு, 180 கிராம் சர்க்கரை, 300 மில்லி க்ரீம். பாகு 118 டிகிரி செல்சியஸ் வரவேண்டும் என்று குறிப்பில் இருந்தது, தெர்மாமீட்டரில் பார்த்து 118-ல்தான் இறக்கினேன். ஊற்றிய இடத்திலேயே பாதி பாகு கம்பி கம்பியாக இறுகிவிட்டது. நுரைக்குள் கண்ணாடித் தூள் போலச் சர்க்கரைச் சில்லுகள். அம்மா ஒரு ஸ்பூன் எடுத்து, சில்லை விரலால் எடுத்து ஓரத்தில் வைத்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

இரவுதான் புரிந்தது. குன்னூர் கிட்டத்தட்ட 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் குறைவு, தண்ணீர் இங்கே சுமார் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். பாகின் கணக்கும் அதே 6 டிகிரி இறங்க வேண்டும். கடலோரத்தில் 118-ல் வரும் பதம் இங்கே 112-லேயே வந்துவிடும். நான் 118 வரை காத்திருந்ததில் பாகு முற்றிப்போயிற்று. தாத்தாவின் தண்ணீர்க் கிண்ணத்துக்கு இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம். அது டிகிரியைப் பார்ப்பதில்லை, பாகையே பார்க்கிறது.

நவம்பர் 17, ஞாயிறு

நேற்று மறுபடி. தெர்மாமீட்டரும் வைத்தேன், தண்ணீர்க் கிண்ணமும் வைத்தேன். 108-ல் சொட்டு விரலில் வழிந்தது. 110-ல் உருண்டு, உடனே தளர்ந்தது. 112-ல் விரல்களுக்கு நடுவே மிளகு அளவு உருண்டை, அழுத்தினால் கொஞ்சம் அமுங்கி மறுபடி நின்றது. இறக்கி ஊற்றினேன். நுரை சாட்டின் துணிபோல மின்னிக்கொண்டு கனத்தது. பட்டர் பேப்பரைக் கிண்ணத்தைச் சுற்றிக் கட்டியது அம்மா.

இன்று மதியம் நூலை அவிழ்த்துக் காகிதத்தை உரித்தேன். பேப்பரின் மடிப்புக்கூட வெள்ளைச் சுவரில் அப்படியே பதிந்திருந்தது. அம்மா ஸ்பூனைத் தொடவில்லை, என் கையிலிருந்த காகிதத்தைத்தான் வாங்கிக்கொண்டாள். ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நிதானமாக விரலால் வழித்துச் சாப்பிட்டாள்.

"இதான்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "மேல ஒரு தாட்பூட் பழத்தை உடைச்சு, விதையோட ஊத்துவாரு."

"ஏம்மா, இதை இன்னிக்குத்தான் சொல்றியா?"

"இப்பத்தானே வந்துச்சு."

பின்வேலியில் தாட்பூட் (பேஷன் ஃப்ரூட்) கொடி இருக்கிறது. போய்ப் பார்த்தேன், ஆறேழு காய்கள், எல்லாம் இன்னும் பச்சை.