வெள்ளிப் படலம் விலகியது: மாடர்ன் தியேட்டர்ஸ் போட்டோக்கள், நான்காவது ஞாயிறு

பழைய சினிமா ஸ்டூடியோ போட்டோக்களைக் கேமராவால் நகல் எடுத்துக்கொண்டிருக்கிறேன். கறுப்பு கறுப்பாகவே விழுந்துவிட்டது. மூன்று ஞாயிற்றுக்கிழமை மல்லுக்கட்டி, நான்காவதில் அந்தப் பெரிய பிரிண்டின் இருட்டுப் பகுதி நீலப் பளபளப்பு இல்லாமல் கேமராவுக்குள் வந்தது. இரவு பதினொன்றரைக்கு எதிர்வீட்டு அக்காவுக்கு அனுப்பினேன். அவர் வீட்டில் விளக்கு எரிந்ததால்தான் அனுப்பினேன்.

மொத்தம் 14 பிரிண்ட். அக்காவின் மாமனார் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டூடியோவில் செட் போடும் தச்சர். அவருடைய டிரங்குப் பெட்டியில் இருந்தவை இவை. ஐந்து படம் படப்பிடிப்புத் தளத்துக்குள் எடுத்தது, மூன்று ஊழியர் குரூப் போட்டோ. மீதி எல்லாம் ஊர்: ஏற்காட்டு மலைப்பாதை, ஜங்ஷன், ஒரு கொட்டகை வாசலில் வேட்டியும் துண்டுமாக நிற்கும் கூட்டம். பல வருஷம் ஈரக்காற்றில் கிடந்ததால் ஓரத்திலும் நிழலிலும் வெள்ளி மேலே வந்து கண்ணாடி மாதிரி மின்னுகிறது. நேராகப் பார்த்தால் படம், சாய்த்தால் தகடு. இதை ரப்பர் வைத்துத் தேய்த்து எடுப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். மேலே வந்திருப்பது அந்தப் படத்தின் வெள்ளியேதான், தேய்த்தால் திரும்பி வராது.

இரண்டு எல்இடி விளக்குக்கு முன்னால் போலரைசர் தாள் (ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடுவது), லென்ஸில் அதே வகை ஃபில்டர், இரண்டின் திசையும் ஒன்றுக்கொன்று குறுக்காக. இது எல்லோரும் செய்வதுதான். எண்ணெய்ப் பளபளப்பு, கீறலின் வெளிச்சம் எல்லாம் முதல் நாளே போய்விட்டது. வெள்ளி மட்டும் போகவில்லை. ஃபில்டரை எவ்வளவு திருப்பினாலும் மங்கலான ஊதா நிறம் ஓரத்தில் ஒட்டிக்கொண்டே இருந்தது. சோதனைக்கு பிரிண்ட் இருக்கும் இடத்தில் எவர்சில்வர் கரண்டியைக் கவிழ்த்து வைத்தேன். அதுவும் இருண்டது, முழுசாக இருளவில்லை.

இரண்டு வாரம் ஃபில்டரைச் சந்தேகப்பட்டேன். குற்றம் தாளில் இருந்தது. நான் வாங்கியது டிவி பேனல் ரிப்பேருக்கு வரும் தாள். அதில் 0 டிகிரி, 45 டிகிரி என்று வகை உண்டு. என்னிடம் இருந்தது 45. சதுரமாக வெட்டி மாட்டினால் அச்சு, அதாவது தாள் ஒளியை விடும் திசை, மூலைவாட்டில் நிற்கும். காகிதத்தின் பளபளப்புக்கு அது பெரிய தொந்தரவு தருவதில்லை. உலோகத்துக்கு அப்படி இல்லை. பக்கவாட்டில் இருந்து மூலைவாட்டு அச்சோடு வரும் ஒளி வெள்ளியில் பட்டுத் திரும்பும்போது கொஞ்சம் சுழன்று வருகிறது, அதை எந்தக் கோணத்திலும் ஃபில்டரால் முழுக்க அடைக்க முடியாது. அச்சு நேர் செங்குத்தாக நின்றால் சுழற்சி இல்லை.

அச்சைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். ஜன்னல் வெளிச்சம் சாய்வாகப் பளிச்சிடும் மொசைக் தரையைத் தாள் வழியாகப் பார்த்துக்கொண்டே தாளைச் சுழற்றுங்கள். தரையின் பளிச் எங்கே செத்துப்போகிறதோ, அப்போது அச்சு செங்குத்து. அந்த இடத்தில் ஸ்கெட்ச் பேனாவால் கோடு போட்டு, அதன்படி வெட்டினேன். இரண்டு தாளுக்கும் ஒரே திசை. விளக்குகளை 60 செ.மீ.யிலிருந்து 90 செ.மீ.க்குத் தள்ளி வைத்தேன், பிரிண்டின் மூலைகளுக்கும் கோணம் அதிகம் மாறாமல் இருக்க. கரண்டி கரியாகிவிட்டது.

இந்த ஏற்பாடு வெளிச்சத்தை நிறைய தின்னும். எஃப் 8, ஐஎஸ்ஓ 100இல் 1/15 நொடி போதும் என்றிருந்தது, தாளும் ஃபில்டரும் போட்டபின் 1/2 நொடிக்கு வந்தது, விளக்கைத் தள்ளியதும் ஒரு நொடி தாண்டியது. செல்ஃப் டைமர் இல்லாமல் தொடவே கூடாது. ஒவ்வொரு பிரிண்டையும் சாதா வெளிச்சத்தில் ஒரு தடவையும் எடுத்து வைக்கிறேன். வெள்ளி எங்கே ஏறியிருக்கிறது என்பதும் பதிவில் இருக்க வேண்டும்.

தாள் வாங்குபவர்களுக்கு: சென்னை ரிச்சி தெருவில் பேனல் உதிரி விற்கும் கடைகளில் கிடைக்கும். பசை இல்லாத தாள், 0 டிகிரி என்று இரண்டையும் சொல்லிக் கேளுங்கள். ஆன்லைனில் ஒரு கடை எனக்குப் பசைத்தாளை அனுப்பிவிட்டுத் திரும்ப வாங்க மறுத்தது. 340 ரூபாய் போனது இன்னும் வயிற்றெரிச்சல்.

அந்தப் பெரிய பிரிண்டில் ஒரு கடைவீதி செட். நடுவில் நடிகர்கள், முதுகு மட்டும். எந்தப் படம் என்று சொல்லத் துணியமாட்டேன். மாடர்ன் தியேட்டர்ஸ் 1935இல் டி.ஆர்.சுந்தரம் ஏற்காடு சாலையில் தொடங்கிய இடம். மலையாளத்தின் முதல் பேசும்படம் 'பாலன்' 1938இல் சேலத்து ஸ்டூடியோவின் தயாரிப்பாக வந்தது, தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956இல் வந்தது, நூற்றுக்கும் மேல் படங்கள். கடைவீதி செட் எத்தனை போட்டிருப்பார்கள்! ஆனால் வெள்ளி விலகியதும் செட்டுக்கு மேலே, பரணில், விளக்குகளுக்குப் பக்கத்தில் ஆட்கள் தெரிந்தார்கள். அக்கா உடனே போன் செய்தார்: "தம்பி, மேல நாலு பேரா? இத்தன வருஷமா ரெண்டு பேருன்னுல்ல நெனச்சிட்டிருந்தேன்!" மூன்றாவது ஆள் சட்டை போடவில்லை. அந்தக் காலத்து விளக்குகளின் சூடு அப்படி. கூலியாட்கள் முகம் ஸ்டில்லில் விழுவது அபூர்வம், அதனால் இந்த ஒரு பிரிண்ட்டுக்காகவே மூன்று வாரம் போனதில் எனக்கு வருத்தம் இல்லை.

இன்னும் முடியாதவை இரண்டு. ஸ்டூடியோ வளைவுக்கு முன்னால் எடுத்த குரூப் போட்டோவும் கொட்டகை வாசலும் ஃப்ரேம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பிரிக்கப் போவதில்லை, ஊறவைக்கவும் மாட்டேன். கண்ணாடி வழியாகவே எடுத்துப் பார்க்க வேண்டும். வளைவு இன்றும் ஏற்காடு சாலையில் நிற்கிறது, அதே கோணத்தில் நின்று ஒன்று எடுக்கும் ஆசையும் உண்டு. பெட்டியின் அடியில் ஒரு டப்பா நிறைய 35 எம்எம் ஃபிலிம் துண்டுகள் வேறு கிடந்தன. 1950களின் தொடக்கம் வரை வந்த ஃபிலிம் எளிதில் தீப்பிடிக்கும் நைட்ரேட் வகையாக இருக்கலாம், பற்றினால் அணைக்க முடியாது. டப்பாவை சமையலறைப் பக்கத்து அலமாரியிலிருந்து எடுத்து, காற்றோட்டமான மாடி அறையில் தனியாக வைக்கச் சொல்லியிருக்கிறேன். அடுத்த ஞாயிறு ஒட்டிய கண்ணாடிக்கு.