மெல்லிய உலோகப் பட்டையும் மின்காந்த அலையும்: புராஜெக்ட் எடுப்பவர்களுக்கு

எம்.எஸ்சி. இயற்பியலில் என் புராஜெக்ட், மெல்லிய கடத்திப் பட்டையில் மின்காந்த அலை மோதும்போது உண்டாகும் விளிம்பு விளைவைக் கணக்கிடுவது. இதே தலைப்பை எடுப்பவர்கள் நிரல் எழுதுவதற்கு முன், விளிம்பில் என்ன நடக்கிறது என்பதைக் காகிதத்தில் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

1896-இல் ஜெர்மன் இயற்பியலாளர் சோமர்ஃபெல்ட் அரைத்தளத்துக்கு (ஒரே ஒரு விளிம்பு, மறுபக்கம் முடிவில்லாமல் நீளும் மெல்லிய தகடு) துல்லியமான தீர்வு கண்டார். முதலில் அதைப் படியுங்கள். பட்டைக்கு இரண்டு விளிம்புகள் என்பதால் தீர்வு மாத்தியூ சார்புகளின் (நீள்வட்ட ஆயங்களில் அலைச் சமன்பாட்டைத் தீர்க்கும்போது வரும் சார்புகள்) தொடராக நீளும். பட்டைகள் பலவானால் அந்த வழி கைகொடுக்காது, தொகையீட்டுச் சமன்பாடுதான் (தேடும் சார்பு தொகையீட்டுக்குள் இருக்கும் சமன்பாடு) வசதி.

மின்புலம் பட்டையின் நீளவாக்கில் இருக்கட்டும். பட்டையில் ஓடும் மின்னோட்ட அடர்த்திதான் நாம் தேடுவது. சமன்பாட்டின் கெர்னல், அதாவது ஒரு புள்ளியில் ஓடும் மின்னோட்டம் இன்னொரு புள்ளியில் உண்டாக்கும் புலத்தைச் சொல்லும் சார்பு, உருளை அலையைக் குறிக்கும் ஹாங்கல் சார்பு. இரண்டு புள்ளிகள் நெருங்கும்போது அது மடக்கை போல எகிறும். மின்னோட்டமும் விளிம்பை நெருங்க நெருங்க, தூரத்தின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் ஏறிக்கொண்டே போகும். அப்படியானால் ஆற்றலும் முடிவிலி ஆகாதா? வைவாவில் எதிர்பார்க்க வேண்டிய கேள்வி இது. ஆகாது. புலத்தின் வர்க்கம் தூரத்துக்கு எதிர்விகிதத்தில் ஏறும். விளிம்பைச் சுற்றித் தொகையிடும்போது பரப்புக்கூறில் அதே தூரம் பெருக்கலாக வந்து அதை அடித்துவிடும். மைக்ஸ்னரின் விளிம்பு நிபந்தனை கேட்பது இதைத்தான்: விளிம்பருகே ஆற்றல் முடிவுள்ளதாக இருக்க வேண்டும்.

இது பிடிபட்டால் மீதி அழகாக விழும். மின்னோட்டத்தை, விளிம்பு நடத்தையைக் காட்டும் எடைச்சார்பு பெருக்கல் முதல் வகைச் செபிஷேவ் பல்லுறுப்புக்கோவைகளின் (−1 முதல் 1 வரை, எடைச்சார்போடு ஒன்றுக்கொன்று செங்குத்தான பல்லுறுப்புக்கோவைகள்) தொடர் என்று எழுதுங்கள். கெர்னலின் மடக்கைப் பகுதி அந்தப் பல்லுறுப்புக்கோவைகளை ஒரு மாறிலியால் பெருக்கித் திருப்பித் தருகிறது. அதாவது கடினமான பகுதி கையாலேயே முடிந்துவிடுகிறது. கணினிக்கு மிஞ்சுவது வழவழப்பான மீதி மட்டும். அகலம் ஒரு அலைநீளம் என்றால் பத்துப் பன்னிரண்டு உறுப்புகள் தாராளம். பட்டையைச் சமத் துண்டுகளாக வெட்டும் முறையில் விளிம்பருகே விடை மெதுவாகத்தான் குவியும்.

காந்தப்புலம் நீளவாக்கில் இருந்தால் மின்னோட்டம் விளிம்பில் சுழியாகும். இரண்டாம் வகைச் செபிஷேவுக்கு மாறுங்கள்.

அப்புறம், நேரக் காரணியின் (அலை நேரத்தோடு மாறுவதைக் காட்டும் அடுக்குச் சார்பு) குறியை முதல் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். குறி மாறினால் ஹாங்கல் சார்பின் வகையும் மாற வேண்டும், இல்லையேல் சிதறிய அலை உள்நோக்கி வரும்.

நிரலைச் சோதிக்க அகலத்தைப் பல அலைநீளங்களாக்கி, அலையை நேர்க்குத்தாக விழவிடுங்கள். மொத்தச் சிதறல் அகலம் (பட்டையின் ஓரலகு நீளம் சிதறடிக்கும் மொத்தத் திறனை, விழும் அலையின் திறன் அடர்த்தியால் வகுத்தது) பட்டையின் அகலத்தைப் போல் இரு மடங்கை நெருங்க வேண்டும். ஒரு பங்கு எதிரொளித்துத் திரும்பும் அலை, மறு பங்கு பின்பக்கம் படும் அலையை அழித்து நிழலை உண்டாக்கும் அலை.