பிரஸ் ஷாப் குறிப்புகள், 2008–09

2008 நவம்பர் 19, புதன்

இன்று சாப்பாட்டு அறையில் யாருக்கும் சாப்பாட்டில் கவனமில்லை, எல்லாரும் டிவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்டு, கிரைஸ்லர் தலைவர்கள் மூன்று பேரும் வாஷிங்டனில் கை கட்டி உட்கார்ந்து 2,500 கோடி டாலர் கடன் கேட்கிறார்கள். கேட்கப் போனது ஆளுக்கொரு தனி விமானத்தில். கஞ்சி ஊற்றுகிற இடத்துக்கு உயரத் தொப்பியும் கோட்டும் மாட்டிக்கொண்டு வந்த மாதிரி இருக்கிறது என்று ஒரு காங்கிரஸ் உறுப்பினர் நக்கல் செய்தார். எங்கள் ஆட்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள், நானும்தான். சிரித்து முடித்துக் கீழே போனால் மூன்றாவது பிரஸ், அதாவது இரும்புத் தகட்டை அழுத்தி அடிக்கும் மெஷின், ஓடவில்லை. ஆர்டர் இல்லை, சுத்தம் செய்து வைக்கச் சொல்லிவிட்டார்கள்.

நாங்கள் அந்த மூன்று பேரில் யாருக்கும் நேரடியாக விற்பதில்லை. மிச்சிகனில் 140 பேர் வேலை செய்யும் சின்ன ஸ்டாம்பிங் ஷாப் எங்களுடையது, தகட்டை அடித்துப் பாகம் செய்கிற இடம். நாங்கள் அடிக்கும் பிராக்கெட்டை சீட் செய்கிறவர் வாங்குவார், அவர் சீட்டை கார் தொழிற்சாலைக்கு அனுப்புவார். எங்கள் பொருள் யார் கண்ணிலும் படாது, பட்டால் அந்தக் கார் எதிலோ மோதி உடைந்திருக்கிறது என்று அர்த்தம். நான் குவாலிட்டி, அதாவது அளவு பார்க்கும் கேஜும் காகிதமும்.

டிவியில் மூன்று பெயர்தான் வருகிறது. அந்த மூன்று பெயருக்குப் பின்னால் எங்களைப் போல எத்தனை ஷாப் என்று யாரும் கேட்கக் காணோம்.

2008 டிசம்பர் 12, வெள்ளி

கீழ்சபையில் தேறிய கடன் மசோதா நேற்று ராத்திரி செனட்டில் படுத்துவிட்டது. ஆதரவு 52, எதிர்ப்பு 35, தேவை 60. இழுபறி கடைசியில் வந்து நின்றது தொழிலாளர் சம்பளத்தில். வெளிநாட்டுக் கம்பெனிகள் இங்கே நடத்தும் ஆலைகளில் என்ன கூலியோ அதே கூலிக்கு 2009க்குள் இறங்கி வா என்று தொழிற்சங்கத்திடம் கேட்டார்கள், சங்கம் 2011 வரை ஒப்பந்தம் இருக்கிறதே என்றது.

ரேடியோவில் ஒருவர் கார் தொழிலாளிக்கு மணிக்கு 70 டாலர் சம்பளம் என்று அடித்துவிடுகிறார். இதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பழைய ஆட்களுக்குக் கையில் வருவது மணிக்கு 28 டாலர் சுமார், 2007 ஒப்பந்தத்துக்குப் பிறகு புதிதாகச் சேர்கிறவருக்கு அதில் பாதி, 14. ஓய்வு பெற்றுப் போன லட்சக்கணக்கான பேரின் பென்ஷனையும் மருத்துவச் செலவையும் இன்று வேலை செய்கிறவன் தலையில் வகுத்துப் போட்டால்தான் அந்த 70 வரும். வகுத்தல் கணக்கு சரிதான், அதைச் சம்பளம் என்று சொல்வதுதான் பொய்.

எங்கள் பிரஸ் ஆட்களுக்குச் சங்கமும் கிடையாது, 28ம் கிடையாது. அவர்களிலேயே பாதிப் பேர் "நல்லா வேணும் அவனுங்களுக்கு" என்கிறார்கள். அவர்கள் ஆலை நின்றால் நம் பிராக்கெட்டை யாருக்கு விற்பது என்று கேட்டேன். யாரும் பதில் சொல்லவில்லை.

2008 டிசம்பர் 19, வெள்ளி

புஷ்ஷே 1,740 கோடி டாலர் கொடுக்க ஒத்துக்கொண்டார், வங்கிகளைக் காப்பாற்ற ஒதுக்கிய பணத்திலிருந்து. காலையில் அறிவிப்பு. இன்றோடு கிரைஸ்லர் தன் 30 ஆலைகளையும் குறைந்தது ஒரு மாதத்துக்குப் பூட்டுகிறது. இரண்டு செய்தியையும் அடுத்தடுத்து வாசித்தார்கள், ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதது போல.

2008 டிசம்பர் 23, செவ்வாய்

விஸ்கான்சின் ஜேன்ஸ்வில்லில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையிலிருந்து இன்று கடைசி டாஹோ வெளியே வந்தது, பெரிய எஸ்யூவி வண்டி. 1919ல் டிராக்டர் செய்ய ஆரம்பித்த இடம், 1923லிருந்து கார். ஓஹாயோவில் மொரேன் ஆலைக்கும் இன்றுதான் கடைசி நாள். கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னால் வைத்தார்கள் பார், நாள் பார்த்தவன் யாரோ.

இந்த இரண்டு ஆலைகளையும் இந்த மந்தம் மட்டும் கொல்லவில்லை. ஜூனில் பெட்ரோல் கேலன் 4 டாலரைத் தாண்டியபோதே பெரிய வண்டிகளை வாங்க ஆளில்லை, மூடுவதாக அப்போதே சொல்லிவிட்டார்கள். செப்டம்பரில் லேமன் வங்கி விழுந்த பிறகு சின்ன வண்டி வாங்க நினைத்தவனுக்கும் கடன் கிடைக்காமல் போயிற்று. ரொக்கம் கொடுத்துக் கார் வாங்குகிறவர் இந்த நாட்டில் எத்தனை பேர்?

2009 பிப்ரவரி 18, புதன்

ரொம்ப நாளாக எழுதவில்லை. எழுத என்ன இருந்தது, திங்கட்கிழமை தோறும் வரும் ரிலீஸைப் பார்ப்பது, பெருமூச்சு விடுவது. ரிலீஸ் என்பது அடுத்த சில வாரங்களுக்கு எந்தப் பொருள் எத்தனை வேண்டும் என்று வாடிக்கையாளரின் கம்ப்யூட்டர் அனுப்பும் பட்டியல். ஜனவரியில் இரண்டு வாரம் எல்லா வரியிலும் பூஜ்யம் வந்தது. கம்ப்யூட்டர் கெட்டுப்போய்விட்டதோ என்று போன் செய்து கேட்டோம். கெடவில்லை.

நேற்று ஜெனரல் மோட்டார்ஸ் அரசிடம் புதுத் திட்டம் கொடுத்திருக்கிறது, உலகம் முழுக்க 47,000 பேரைக் குறைக்கிறார்களாம், கூடவே இன்னும் கடன். இன்று எங்கள் இரண்டாம் ஷிஃப்டை எடுத்துவிட்டார்கள், 52 பேர். முதலாளியே நின்று ஒவ்வொருவருக்கும் கவர் கொடுத்தார். நல்ல மனுஷன்தான், ஆனால் அதனால் கவர் கனமாகிவிடவில்லை. இங்கே வேலையில்லாதவருக்கு அரசு தருவது வாரம் அதிகபட்சம் 362 டாலர், ஒபாமாவின் புதுச் சட்டத்தில் 25 கூடுகிறது.

2009 மார்ச் 20, வெள்ளி

சப்ளையர்களைக் காப்பாற்ற அரசு 500 கோடி டாலர் ஒதுக்கியிருக்கிறது! நேற்று அறிவிப்பு வந்ததும் ஆபீஸில் கை தட்டினார்கள். விவரம் படித்த பிறகு தட்டல் நின்றது.

விஷயம் இதுதான். பொருளை இன்று அனுப்பினால் பணம் ஏறக்குறைய ஒன்றரை மாதம் கழித்து வரும். அதுவரை சம்பளம் கொடுக்க, ஸ்டீல் வாங்க, அந்தப் பில்லைக் காட்டி வங்கியில் கடன் வாங்குவோம். இப்போது டெட்ராய்ட் கார் கம்பெனிகளின் பெயர் உள்ள பில்லை எடுத்துப் போனாலே வங்கிக்காரர் முகம் திரும்புகிறது, ஏனென்றால் அந்தக் கம்பெனி ஒன்றரை மாதம் இருக்குமா என்று அவருக்கே தெரியாது. புதுத் திட்டம் அந்தப் பில்லுக்கு உத்தரவாதம் தருகிறது, ஆனால் கார் கம்பெனி யாரைக் கை காட்டுகிறதோ அந்த நேரடி சப்ளையருக்கு மட்டும். நாங்கள் இரண்டாம் படி. மேல் படியில் ஊற்றிய தண்ணீர் கீழே வழிந்து வரும் என்கிறார்கள். வழிவதற்கு முன் நடுவில் இருப்பவருக்கும் தாகம் எடுக்குமே.

2009 ஏப்ரல் 3, வெள்ளி

திங்கட்கிழமை ஒபாமா பேசினார். ஜெனரல் மோட்டார்ஸுக்கு 60 நாள், கிரைஸ்லருக்கு 30 நாள் கெடு, ஜெனரல் மோட்டார்ஸ் தலைவர் ரிக் வேகனர் பதவியை விட்டுப் போய்விட்டார், போகச் சொல்லித்தான்.

எங்களுக்கும் இன்று 60 நாள். நூறு பேரோ அதற்கு மேலோ வைத்திருக்கும் கம்பெனி ஆலையை மூடுவதென்றால் 60 நாள் முன்னதாக எழுத்தில் சொல்ல வேண்டும் என்பது சட்டம். இப்போது நூறு பேர் இல்லைதான், ஆனால் முதலாளி வக்கீலைக் கேட்காமலே கொடுத்துவிட்டார் என்று பேச்சு. ஜூன் 5 கடைசி நாள்.

வீட்டில் சொன்னேன். "சரி, இன்ஷூரன்ஸ் எதுவரைக்கும்ங்க?" என்றாள், அது ஒன்றுதான் கேட்டாள். வேலை போனவர்கள் பழைய மருத்துவக் காப்பீட்டைத் தொடர்ந்தால் ஒன்பது மாதம் 65 சதவீதத்தை அரசு ஏற்கும் என்று புதுச் சட்டத்தில் இருக்கிறது, அதைத்தான் சொன்னேன். அப்புறம் ராத்திரி முழுக்கப் படித்ததில் தெரிந்தது, கம்பெனியே மூடிக் காப்பீட்டுத் திட்டமும் முடிந்துபோனால் தொடர்வதற்கு ஒன்றும் இல்லை. சலுகை, கம்பெனி பிழைத்திருக்கிறவனுக்கு. காலையில் அவளிடம் திருத்திச் சொன்னேன்.

2009 ஏப்ரல் 28, செவ்வாய்

மே, ஜூன், ஜூலையில் 13 ஆலைகளைப் பல வாரங்கள் நிறுத்தப்போவதாக ஜெனரல் மோட்டார்ஸ் போன வாரம் சொன்னது. ஆனால் எங்கள் பிரஸ்கள் என்னவோ மூன்று மாதத்தில் இல்லாத வேகத்தில் ஓடுகின்றன. வேடிக்கைதான். மூடும் ஷாப்புக்கு ஓவர்டைம்.

காரணம் டை. வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது, பிரஸ் எங்களுடையது, ஆனால் அதற்குள் வைக்கும் டை, தகட்டை வெட்டி வளைத்து வடிவம் கொடுக்கும் அச்சுத் தொகுதி, வாடிக்கையாளருடைய சொத்து. ஒவ்வொன்றிலும் அவர்கள் பெயர் பொறித்த தகடு திருகியிருக்கும். நாங்கள் மூடினால் அவர்கள் லாரி வைத்து டையைத் தூக்கிப்போய் வேறு ஷாப்பில் வைப்பார்கள். அங்கே அது ஓட ஆரம்பிக்கும்வரை சீட் லைன் நிற்கக் கூடாதில்லையா, அதற்காக இப்போதே ஐந்து வாரத்துக்கான பிராக்கெட்டை அடித்துக் குவிக்கச் சொல்கிறார்கள். அந்தப் புது ஷாப்புக்கு வேண்டிய காகிதம் எல்லாம் தயார் செய்வது யார்? நான்தான். அளவு அறிக்கை, கேஜ் சான்று, ஒவ்வொரு டையையும் பிரஸ்ஸில் எப்படிப் பூட்டி ஓட்டுவது என்ற செட்டப் ஷீட். என் வேலையை நானே சுத்தமாக மடித்துப் பெட்டியில் வைக்கிறேன்.

இன்று மூன்றாவது பிரஸ்ஸில் செட்டப் ஷீட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். அதை ஓட்டுகிற பெரியவர் 22 வருஷமாக இங்கே இருக்கிறார். டையைப் பூட்டும் முன் சட்டைப் பையிலிருந்து ஒரு மெல்லிய பித்தளைத் தகட்டை எடுத்து வளைக்கிற ஸ்டேஷனில் மேல் அச்சுக்குப் பின்னால் செருகினார். இது என்ன என்றேன். 2003ல் அந்த அச்சு உடைந்து அரைத்துத் திரும்பப் போட்டார்களாம், அதிலிருந்து தகடு இல்லாவிட்டால் பிராக்கெட் ஒரு டிகிரி விரிந்து வருமாம். ஸ்டீல் சுருள் மாறினால் தகடும் மாறும். எந்தச் சுருளுக்கு எது? "சத்தத்தில் தெரியும்" என்கிறார். ஆறு வருஷமாக நான் அளந்து கையெழுத்துப் போட்ட பிராக்கெட் அத்தனையும் அவர் சட்டைப் பையால் சரியாக இருந்திருக்கின்றன.

ஷீட்டில் எழுதட்டுமா என்று கேட்டேன். தோளைக் குலுக்கினார். "வரைபடத்தில் இல்லாததை எழுதினால் கேள்வி கேட்பார்கள். பதில் சொல்ல நீயும் இருக்க மாட்டாய், நானும் இருக்க மாட்டேன்."

எழுதவில்லை. மறந்துபோய் அல்ல.

2009 மே 1, வெள்ளி

கிரைஸ்லர் நேற்று திவால் மனு கொடுத்தது. இத்தாலியக் கார் கம்பெனி ஃபியட் வருகிறதாம். நாங்கள் பிராக்கெட் எண்ணிக்கொண்டிருந்தோம்.

2009 ஜூன் 5, வெள்ளி

திங்கட்கிழமை ஜெனரல் மோட்டார்ஸும் மனு கொடுத்துவிட்டது. சொத்து 8,230 கோடி டாலர், கடன் 17,280 கோடி. மூடப்போகும், நிறுத்திவைக்கப்போகும் ஆலைகளின் பட்டியலும் கூடவே வந்தது, அதில் வில்லோ ரன் இருக்கிறது. இரண்டாம் உலகப்போரில் பி-24 குண்டுவீச்சு விமானங்களை அசெம்பிளி லைனில் வரிசையாகச் செய்து தள்ளிய கட்டடம், பின்னால் கியர்பாக்ஸ் ஆலை ஆனது. டிவி முழுக்க அதுதான், பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள், சோக இசை.

எங்கள் கடைசி நாளுக்கு இசை இல்லை. காலையில் இரண்டு லாரி வந்து டைகளை ஏற்றிப் போயிற்று. ஏற்றும் முன் பெரியவர் மூன்றாவது பிரஸ் டையை எண்ணெய் போட்டுத் துடைத்தார், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிற மாதிரி. தகடு அவர் பையிலேயே இருந்தது, நான் பார்த்தேன், நான் பார்த்ததை அவரும் பார்த்தார். பிரஸ்கள் பிறகு ஏலத்துக்குப் போகும். அணைத்ததும் கம்ப்ரெஸர் சத்தம் நின்றுபோய், இந்த இடத்தில் ஒருவர் சாதாரணக் குரலில் பேசினால் கேட்கும் என்பது இன்றுதான் தெரிந்தது.

2009 ஜூலை 17, வெள்ளி

மிச்சிகனில் ஜூன் மாத வேலையின்மை 15.2 சதவீதம். வேலையில்லாதவர்கள் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போன் செய்து "இன்னும் வேலை இல்லை" என்று பதிவு செய்ய வேண்டும், போனை எடுக்கும் இயந்திரத்துக்கு மார்வின் என்று பெயர். இப்போதைக்கு என்னோடு தவறாமல் பேசுகிறவர் அவர்தான். மறுபயிற்சிக்கு மாநிலம் வருடத்துக்கு 5,000 டாலர் வரை, இரண்டு வருடம் கட்டுகிறது. மருத்துவக் கருவி குவாலிட்டி பற்றி ஒரு படிப்புக்கு மனு போட்டிருக்கிறேன், அங்கேயும் கேஜும் காகிதமும்தானே.

2009 ஆகஸ்ட் 20, வியாழன்

பழைய வண்டியைக் கொடுத்தால் புதுசுக்கு 3,500 அல்லது 4,500 டாலர் தள்ளுபடி என்று அரசு ஆரம்பித்தது எதிர்பாராத ஓட்டம் ஓடுகிறது. வாங்கிய பழைய வண்டிகள் திரும்ப ரோட்டுக்கு வரக் கூடாது என்பதற்காக ஆயிலை வடித்துவிட்டு சோடியம் சிலிக்கேட் கரைசலை ஊற்றி, எஞ்சின் இறுகி நிற்கும்வரை ஓட்டுகிறார்கள். நன்றாக ஓடுகிற எஞ்சினை அப்படிக் கொல்வதைப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை, வீடியோவைப் பாதியில் நிறுத்திவிட்டேன். ஆனால் விற்பனை விற்பனைதான், செவ்வாய்க்கிழமை ஜெனரல் மோட்டார்ஸ் 60,000 வண்டி கூடுதலாகச் செய்யப்போவதாகச் சொல்லி 1,350 பேரைத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறது. 

அதன் பலன் இன்று என் வீட்டுக்கே வந்தது, போனில். டைகளை எடுத்துக்கொண்ட ஷாப்பின் குவாலிட்டி ஆள். குவித்து வைத்த பிராக்கெட் தீரப்போகிறது, ரிலீஸ் ஏறிவிட்டது, இவர்கள் அடிப்பது எல்லாம் ஒரு டிகிரி விரிந்து வருகிறது. மூன்று வாரமாகத் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். "உங்கள் ஷீட் பிரகாரம்தான் சார் எல்லாம் செய்தோம், ஏதாவது விட்டுப்போச்சா?" என்றார். பாவம், சின்னப் பையன் குரல்.

எனக்கு முகம் சூடாயிற்று. விட்டுப்போனது என்ன என்று இரண்டு வரியில் சொல்லியிருக்கலாம். அந்த டை விஷயம் எனக்குத் தெரியாது, தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார் என்று சொல்லி, பெரியவரிடம் கேட்டுவிட்டுக் கூப்பிடுகிறேன் என்றேன்.

பெரியவருக்குப் போன் செய்தேன். அவர் சிரிக்கவில்லை, எந்த ஷாப், எத்தனை மைல், பிரஸ் எத்தனை டன் என்று மட்டும் கேட்டார். எண்ணைக் கொடுக்கலாமா என்றதற்குக் கொடு என்றார்.

சாயங்காலம் அவரே திரும்ப அழைத்தார். திங்கட்கிழமை போகிறாராம், மணிக்கு 60 டாலர், குறைந்தது இரண்டு நாள், பெட்ரோல் தனி. எங்கள் ஷாப்பில் அவர் வாங்கியது 16.