சதவீதத்துக்கு முன் நோட்டைப் பாருங்கள்

மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் தேடி வட்டார வள மையத்துக்குக் குழந்தையோடு வரும் பெற்றோர், குறைபாட்டின் அளவைப் பற்றி முதலில் கேட்பது, "நாற்பது சதவீதம் வருமா மேடம்?" என்றுதான். உதவித்தொகைக்கு அந்தக் கேள்வி சரி. வகுப்பறைக்கு அது அளவுகோல் ஆகாது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016இல் 31ஆம் பிரிவு தரும் 6 முதல் 18 வயது வரையிலான இலவசக் கல்விக்குத்தான் 40 சதவீத வரம்பு. பள்ளியில் சேர்ப்பது, தேவையான வசதி செய்து தருவது, கற்றல் குறைபாட்டை (வாசிப்பதிலும் எழுதுவதிலும் கணக்கிடுவதிலும் வரும் சிக்கல்) சீக்கிரமே கண்டறிவது எல்லாம் 16ஆம் பிரிவில் வருகின்றன. அங்கே சதவீதமே இல்லை. இதைத் தலைமையாசிரியர்கள் பலருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கற்றல் குறைபாட்டில்தான் நாள் அதிகம் வீணாகிறது. 2018இல் மத்திய அரசு வெளியிட்ட நெறிமுறை, 8 வயது ஆன பிறகே சான்றிதழ் என்றது. அதுவரை பிள்ளையைக் கடைசி பெஞ்சில் விட்டுவைக்கிறார்கள். நோட்டோ முன்பே சொல்லிவிடுகிறது. 'பட்டம்' என்றால் 'படம்' என்று எழுதியிருக்கும். 'கொடு' ஒரு வரியில் 'கெடு', அடுத்த வரியில் 'காடு'. கொம்பு முன்னால், கால் பின்னால், நடுவில் எழுத்து. ஒலிப்பது ஒரே ஓசை. அங்கேதான் பிள்ளை தடுமாறுகிறது. இந்தப் பக்கங்களைத் தேதி போட்டு நகலெடுத்து மருத்துவ முகாமுக்குக் கொண்டுபோங்கள். அதற்கு முன் கண்ணையும் காதையும் பரிசோதித்துவிட வேண்டும். காது மந்தமான பிள்ளையும் ஒற்றெழுத்தை விட்டுத்தான் எழுதும். வலிப்பு மாத்திரை சாப்பிட்டுத் தூக்கக் கலக்கத்தில் இருக்கும்போது முகாமில் ஐ.க்யூ. (அறிவுத்திறன்) சோதனை செய்தால் எண் குறைந்துதான் வரும்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியாக இலக்கு எழுதும் தனிநபர் கல்வித் திட்டத்தில் "வாசிப்புத் திறன் மேம்படும்" என்று எழுதுவதால் யாருக்கும் பயனில்லை. "ஒற்றில்லாத இரண்டெழுத்துச் சொற்கள் 20இல் 16ஐ, 6 வாரத்தில், துணையின்றி வாசிப்பாள்" என்று எழுதினால் வகுப்பாசிரியரே சோதித்துப் பார்க்கலாம்.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுச் சலுகைகளுக்கு, அதாவது கூடுதல் ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு ஆகியவற்றுக்கு, தலைமையாசிரியர் வழியாக முன்கூட்டியே விண்ணப்பம் போக வேண்டும். ஒன்பதாம் வகுப்பிலேயே சான்றிதழ் எதுவரை செல்லும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆதாரில் ஒரு இனிஷியல், பள்ளிப் பதிவில் வேறு இனிஷியல் என்றால் அதைத் திருத்தவே மாதங்கள் ஓடிவிடும். எழுதுபவர் கிடைத்தால் மட்டும் போதாது. கணக்கின் படிகளை வாயால் சொல்லிப் பழகாத பிள்ளை தேர்வறையில் திணறிப்போகும். அரையாண்டுத் தேர்வையே எழுதுபவரை வைத்து எழுதச் சொல்லுங்கள்.