கிளீன் இன்ஸ்டாலுக்கு முன்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்ததால் பலரும் 11-க்கு மாறுகிறார்கள். பழையதன் மேலேயே அப்கிரேட் செய்வதைவிட, டிரைவை அழித்துவிட்டுப் புதிதாக நிறுவும் கிளீன் இன்ஸ்டாலே எனக்குப் பிடிக்கும். வருடக்கணக்கில் சேர்ந்த வேண்டாத மென்பொருள்கள் ஒரேயடியாகப் போய்விடும். விண்டோஸை நிறுவும் கோப்புகளை வைக்க 8 ஜிபி பென்டிரைவ் போதும்.

ஆனால் தயவுசெய்து, கோப்புகளை வேறொரு ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுத்த பிறகு சிலவற்றைத் திறந்தும் பார்த்துவிடுங்கள். டெஸ்க்டாப்பில் கிடப்பவையும் பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளும்தான் பெரும்பாலும் விட்டுப்போகும். வைஃபை வேலை செய்யத் தேவையான டிரைவர் மென்பொருளையும் முன்பே இறக்கி வையுங்கள், இல்லாவிட்டால் இணையமே கிடைக்காமல் போகலாம்.

அப்புறம், நிறுவும்போது புராடக்ட் கீ (விண்டோஸின் உரிமக் குறியீடு) கேட்டால் பதற வேண்டாம். ஏற்கெனவே ஆக்டிவேட் ஆன கணினிதான் என்றால் 'கீ இல்லை' என்பதைத் தேர்ந்தெடுத்து, முன்பிருந்த அதே ஹோம் அல்லது ப்ரோ பதிப்பையே நிறுவுங்கள். இணையம் கிடைத்ததும் பெரும்பாலும் தானாகவே ஆக்டிவேட் ஆகிவிடும்.