பென் டிரைவில் போகிற பதிவேட்டுக்கு எந்த நிரல்மொழி?

உறுப்பினர் பதிவேட்டை ஒவ்வொரு கிளைக்கும் பென் டிரைவில்தான் கொண்டுபோக வேண்டும். கிளைக் கணினிகளில் எதையும் நிறுவ அனுமதி கிடையாது. அட்மின் பாஸ்வேர்டு தலைமை அலுவலகத்தில் இருக்கிறது. பாதி முடிவை இந்த நிபந்தனையே எடுத்துவிட்டது.

எல்லோரும் முதலில் சொன்னது மைக்ரோசாஃப்டின் தரவுத்தள மென்பொருளான ஆக்சஸ். படிவமும் அறிக்கையும் அதில் கடகடவென்று தயாராகிவிடும், மறுக்கவில்லை. ஆனால் அதற்குள் நிரல் எழுதும் விபிஏ எடிட்டருக்கு, தமிழ் உட்பட எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் தரும் யூனிகோட் தெரியாது. நிரலுக்குள் ‘சந்தா பாக்கி’ என்று எழுதினால் வரிசையாகக் கேள்விக்குறிகள்தான். எழுத்தெழுத்தாக எண் கொடுத்துக் கோக்கலாம். யாருக்குப் பொறுமை இருக்கிறது?

அப்புறம் லிபர்ஆஃபீஸின் தரவுத்தள மென்பொருளான பேஸ். பேசிக் மொழியில் எழுதும் மேக்ரோவைக் கோப்புக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம், அது வசதி. ஆனால் உள்ளே இருக்கும் ஹெச்எஸ்க்யூஎல்டிபி என்ற தரவுத்தள இயந்திரத்துக்கு ஜாவா வேண்டும். தரவு முழுக்க ஒரே ஜிப் கோப்புக்குள் இருப்பதால், ஒழுங்காக மூடாவிட்டால் அன்றைய பதிவுகள் போய்விடலாம். எங்கள் கிளைகளில் பென் டிரைவைச் சொல்லாமல் கொள்ளாமல் பிடுங்குவது அன்றாட வழக்கம்.

கடைசியில் பைத்தான் நிரல்மொழியும், தரவை ஒரே கோப்பில் வைக்கும் எஸ்க்யூலைட் தரவுத்தளமும். எஸ்க்யூலைட்டுக்கான தொகுதி 2006இல் வந்த 2.5 பதிப்பிலிருந்தே பைத்தானோடு வருகிறது. விண்டோஸுக்கு நிறுவாமல் ஓடும் ஜிப் வடிவமும் உண்டு. அதில் திரைப் படிவங்களை உருவாக்கும் டிகிண்டர் தொகுதி இல்லாததால் படிவங்களை பிரவுசரில் காட்டினேன். எழுதும்போது பாதியில் நின்றாலும், எஸ்க்யூலைட் மாற்றத்துக்கு முந்தைய தரவைக் குறித்துவைக்கும் தன் ஜர்னல் கோப்பை வைத்துப் பழைய நிலைக்குத் திரும்பிக்கொள்ளும்.

எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. யூனிகோட் எண் வரிசையில் ன என்ற எழுத்து ப-வுக்கு முன்னாலேயே, அதாவது ள-வுக்கும் முன்னாலேயே வந்துவிடும். அதனால் பட்டியலில் வனிதா முதலில், வள்ளி பிறகு. அகரவரிசையில் வள்ளிதானே முந்த வேண்டும்? பைத்தானில் நாமே ஒரு ஒப்பீட்டுச் செயல்கூற்றை எழுதி எஸ்க்யூலைட்டிடம் கொடுத்துவிட்டால், வரிசைப்படுத்தும்போது அது அதையே கேட்டு நடக்கும்.

லுவா என்ற நிரல்மொழி இன்னும் சின்னது, ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் எனக்குப் பிறகு இதைத் திறக்கப் போகிறவர் யார்? தமிழ்நாட்டின் 12ஆம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலிலேயே பைத்தான் வழியாக எஸ்க்யூலைட்டைக் கையாளும் பாடம் இருக்கிறது. லுவாவுக்கு அந்தப் பக்கபலம் இல்லை.

கணக்கர் மட்டும் “சார், எக்செல்ல குடுங்க” என்பதை விடவில்லை. சரி என்று, எக்செலில் திறக்கக்கூடிய சிஎஸ்வி என்ற எளிய அட்டவணைக் கோப்பைத் தரும் பொத்தான் ஒன்று வைத்தேன். கோப்பின் தொடக்கத்தில், இது யூனிகோடின் யூடிஎஃப்-8 வடிவம் என்று காட்டும் அடையாளத்தையும் சேர்த்து எழுத வேண்டியிருந்தது. இல்லாவிட்டால் எக்செலில் தமிழ்ப் பெயர்கள் கந்தரகோலமாகிவிடுகின்றன.